என்னை நடித்துவிட்டுப் போன தாசுக்கு

என் ஆசை மச்சான் தாஸ்,

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. ஊரில் ஆளாளுக்கு உன்னைப் பற்றி எழுதுகிறார்கள், முகநூலில் அழுகிறார்கள். உன்னோடு ஒருநாள் தேத்தண்ணீர் குடித்தவன்கூட உயிர் நண்பன் என்று படம் போடுகிறான். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எரிச்சல்தான் காரணம், வேறென்ன. உனக்குத் தெரியாத எரிச்சலா?

முதலில் அந்தப் பதாகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தியில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி என்று ஆளுயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் படம் நாங்கள் இரண்டு பேரும் கோயில் திருநாள் மேடையில் நின்று எடுத்தது. என்னை வெட்டிவிட்டார்கள். வெட்டியவன் அவசரத்தில் என் கையை மறந்துவிட்டான். இப்போது உன் தோளில் மணிக்கூடு கட்டிய ஒரு கை மட்டும் இருக்கிறது. பஸ்சுக்கு நின்ற ஒரு வயதான அம்மா, "ஆற்றை கை தம்பி அது?" என்று கேட்டா. "யேசுநாதற்றை கையாக்கும்" என்றேன். அவா என் மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா.

உன் செத்த வீட்டிலும் இதே எரிச்சல்தான். கிளிநொச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். பூநகரியில் பஸ் கிடைக்காத சனம் மீன் ஏற்றும் வான் வண்டியில் ஏறி வந்து இறங்கியது. எனக்கு அழுகை வருமுன் கணக்குத்தான் வந்தது. நான் செத்தால் இதில் கால்வாசியாவது வருமா? உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைத்தான் யோசித்தேன்.

தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். நீ என் மாமியின் மகன். முல்லைத்தீவுக் கரையில் அடுத்தடுத்த வளவில் வளர்ந்தோம். திருநாள் கலைநிகழ்ச்சிக்கு இருவரும் சேர்ந்து பகிடி செய்யத் தொடங்கினோம். நான் கேள்வி கேட்பேன், நீ பதில் சொல்வாய். சிரிப்பு எப்போதும் பதிலுக்குத்தான் விழும். கேள்விக்கு யார் சிரித்தார்கள்? ஆனால் என் கேள்வி இடம் தப்பினால் உன் பதில் செத்துப்போகும் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

போர் முடிந்து எங்களை அடைத்துவைத்த செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு வரிசை. வெயிலில் நிற்க ஏலாமல் சனம் வாளியையும் பிளாஸ்டிக் கானையும் வரிசையில் வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விடும். ஆளுக்குப் பதிலாக வாளி நிற்கும். ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் நான் ஒரு சிவப்பு வாளியைக் காட்டி, "இந்தப் பிள்ளைக்கு இன்னும் கலியாணம் பேசேல்லையோ?" என்று கேட்டேன். நீ உடனே ஒரு நீலக் கானைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தாய்.

"மாப்பிளை இஞ்சை நிக்கிறார்."

"என்ன உத்தியோகம்?"

"வரிசையிலை நிக்கிறது. நிரந்தர வேலை."

"சீதனம் என்ன எதிர்பாக்கினம்?"

"ஒரு மூடி போதும்."

அந்த வரிசையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் நின்றா. அவா சிரித்ததைப் பார்த்தேன். சிரித்துவிட்டு, சிரித்துவிட்டேனே என்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா. அன்று எனக்கு உன்மேல் பொறாமை இருக்கவில்லை. அன்று மட்டும்தான்.

பிறகு நீ கொழும்புக்குப் போனாய். அந்த வாளிக் கலியாணம் உன் சொத்தாகிவிட்டது. தனியாக மேடையில் நின்று இரண்டு பக்கத்தையும் நீயே பேசினாய். பெண்ணின் தகப்பனுக்குக் குரலை மாற்றிக்கொண்டு என் கேள்விகளை நீயே கேட்டாய். கனடாவில் செய்த காணொளியைப் பார்த்து என் சொந்த மகளே, "தாஸ் மாமா என்ன பகிடியப்பா" என்று உருண்டு உருண்டு சிரித்தாள். நான் எழுந்து போய் வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். அந்த வலையில் ஓட்டையே இல்லை.

வவுனியாவில் உன் நிகழ்ச்சிக்கு வந்தேன், நினைவிருக்கிறதா? ரிக்கற் முடிந்துவிட்டது என்றார்கள். நான் தாசின் சொந்தக்காரன் என்றேன். வாசலில் நின்ற பெடியன், "இண்டைக்கு வந்த எல்லாரும் சொந்தம்தான் அண்ணை" என்றான். உனக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய். அடுத்த நிகழ்ச்சியிலேயே அதை மேடையில் சொன்னாய். வாசலில் நின்று அவமானப்பட்டது நான், கைதட்டல் உனக்கு.

பிறகு நாடகம், குறும்படம், கடைசியாக ஒரு முழுநீளப் படம். அதன் படப்பிடிப்பு முடிந்த கையோடு நெஞ்சு நோகுது என்று படுத்தாய். எழும்பவில்லை. அதிலும் உனக்கு அவசரம்.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு உன் மனிசி றெஜினா என் வீட்டுக்கு வந்தா. கூடவே படத்தை எடுத்த அக்கராயன் ஊர்ப் பெடியன் சுரேன். இரண்டு பேருக்கும் கதிரை போட்டேன். யாரும் உட்காரவில்லை.

"அண்ணை, படம் முடிஞ்சுது. அவர் குரல் மட்டும் குடுக்கேல்லை," என்றான் சுரேன். "களப்பிலை எடுத்தபடியால் சத்தம் முழுக்கக் காத்து. ஒண்டும் பாவிக்கேலாது. நீங்கள் அவரை மாதிரியே கதைப்பீங்களாம்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான்."

இத்தனை வருடமாகக் களப்பில் இறால் பிடித்துக்கொண்டே, யாராவது ஒருநாள் என்னையும் நடிக்கக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. கூப்பிட வந்தவர்கள் என் தொண்டையை மட்டும் கேட்டு வந்தார்கள். அதுவும் உனக்காக. ஏலாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

றெஜினா கோபிக்கவில்லை. "வேறை ஆற்றையும் குரல் அவற்றை வாயிலை இருந்து வந்தால் நான் அந்தப் படத்தைப் பாக்கமாட்டன் அண்ணை. நீங்களெண்டால் பாப்பன்," என்றா. உன் மனிசியிடம் எப்படி மாட்டேன் என்பது?

கிளிநொச்சியில் சுவர் முழுக்க மெத்தைத் துண்டு ஒட்டிய ஒரு சின்ன அறை. திரையில் நீ வந்தாய். களப்பில் இறால் பிடிக்கிற ஒருவன். கேள்விக்குப் பதில் சொல்லுமுன் மூக்கைத் தேய்க்கிறான். கோபம் வந்தால் சாரத்தை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டுகிறான். சிரிப்பு வந்தால் வேறு பக்கம் பார்க்கிறான். இவனை எங்கோ கண்டிருக்கிறேனே என்று யோசித்தேன். அப்போது என் கை என் மூக்கில் இருந்தது.

"சுரேன், இது ஆர்?"

"நீங்கள்தானே அண்ணை. அவர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, மச்சான்? சொன்னால் நான் சண்டைக்கு வருவேன் என்று பயமா?

சரி, இது நான்தான் என்றால் வேலை சுகம் என்று நினைத்து, ஒலிவாங்கிக்கு முன் நின்று வழக்கமாகக் கதைப்பதுபோலக் கதைத்தேன். சுரேன் தலையைச் சொறிந்தான்.

"கொஞ்சம் செயற்கையாய்க் கிடக்கு அண்ணை. தாஸ் அண்ணை செய்த மாதிரிச் செய்யுங்கோவன்."

"தம்பி, அது நான்தானே."

"ஓம் அண்ணை. ஆனால் அவர் செய்தது நல்லாய் இருந்தது."

உலகத்தில் இப்படி ஓர் அநியாயம் வேறு யாருக்காவது நடந்திருக்குமா? என் கேள்வியை எடுத்தாய், என் வாளியை எடுத்தாய், சரி. என்னையும் எடுத்தாய். எடுத்து, என்னைவிட நன்றாகச் செய்து வைத்துவிட்டுப் போய்விட்டாய். நான் எப்படிக் கதைக்கிறவன் என்று இரண்டு கிழமையாக உன்னைப் பார்த்துப் படிக்கிறேன். இப்போது பரவாயில்லையாம். இயல்பாக வருகிறதாம்.

ஒரே ஒரு வசனம் மட்டும் மிச்சம். படத்தில் அந்த இறால்காரன் தன் கூட்டாளியை பஸ் ஏற்றிவிட வருகிற இடம். "நீயும் வாவன்" என்று கூட்டாளி கூப்பிடுகிறான். "நீ போ. எனக்கு வலை கிடக்கு," என்று சொல்லிவிட்டு இவன் திரும்பி நடக்கிறான்.

நீ கொழும்புக்கு வெளிக்கிட்ட அன்று முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் நான் உனக்குச் சொன்ன அதே வார்த்தை. சொல்லிவிட்டு பஸ் வெளிக்கிடும்வரைகூட நிற்காமல் திரும்பி நடந்தேன். உனக்குத் தெரிந்தது என் முதுகு மட்டும்தான். ஆனால் படத்தில், திரும்பி நடக்கிறவனின் முகத்தைக் காட்டுகிறார்கள். அந்த முகம் எப்படி உடைகிறது என்று பார்த்தேன். அப்படியே, மச்சான். ஒரு சொட்டுக் கூடவில்லை, குறையவில்லை. முதுகைப் பார்த்து அந்த முகத்தை எப்படிக் கண்டுபிடித்தாய்? தெரிந்துகொண்டேவா இத்தனை வருடமும் எனக்குத் தொலைபேசி எடுத்துப் பகிடி விட்டாய்?

எத்தனையோ தரம் முயன்று பார்த்தேன். "நீ போ" என்பதோடு குரல் நின்றுவிடுகிறது. சுரேன் நல்ல பெடியன். "அதைத் திங்கட்கிழமை எடுப்பம் அண்ணை" என்று விளக்கை நிறுத்தினான்.

திங்கட்கிழமை போவேன். அந்த வசனத்தையும் முழுதாகச் சொல்லி முடிப்பேன். சனம் அழும், தாசின் நடிப்பைப் பார் என்று சொல்லும். என் பெயர் கடைசியில் ஓடும்போது எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தெரிந்துகொண்டுதான் போகிறேன்.

ஆனால் ஒன்று. வருகிற திருநாளுக்கு நான் மேடை ஏறுவேன். தனியாக. ஏறி உன்னைச் செய்வேன். உன் நடை, உன் இழுவை, பதில் சொல்லுமுன் நீ விடுகிற அந்த மூச்சு, எல்லாம் எனக்குப் பாடம். கேள்வியையும் நானே கேட்பேன், பதிலையும் நானே சொல்வேன். நீ என்னைச் செய்ததைவிட நான் உன்னை நன்றாகச் செய்வேன், இது வாக்கு. விழுகிற சிரிப்பு முழுக்க எனக்கு. ஒன்றுகூட உனக்குத் தரமாட்டேன். வேண்டுமென்றால் வந்து வாங்கிப் பார்.

உன் மாமன் மகன்,
அன்ரன்