கோர்ட் வராந்தாவில் ஒரு சலாம்

செவ்வாய் இரவு.

தலையில் அடி வாங்கிப் புத்தி பேதலித்த பிறகு அண்ணனால் தன் வழக்கைப் பேச முடியாது. அவனுக்குப் பதிலாக வழக்கை நடத்த பதுளை கோர்ட் என்னை நியமித்தது. அவனை அடித்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இன்று வராந்தாவில் எதிரே வந்தான். அண்ணன் பழைய பழக்கத்தில் எழுந்து தொப்பியைக் கழற்றினான். "சலாமுங்க ஐயா."

"புத்தி நல்லாத்தானேடா இருக்கு! நஷ்டஈட்டுக்கு நடிக்கிறீங்களா?" என்று கணக்கப்பிள்ளை சிரித்தான்.

அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. பொலிஸ்காரர் என்னை இழுத்தார்.

"இப்படிப் பண்ணிட்டியேப்பா! இனி அண்ணனுக்காகப் பேச ஒன்னைய விடுவாங்களா?" என்று எங்கள் லோயர் கத்தினார்.

திரும்பினேன். அண்ணன் மூலையில் தலையைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து நடுங்கினான்.

"அடிக்காதீங்க ஐயா, வேலைக்குப் போறேன்."

தோட்டத்து லயத்தில் எங்கள் அறைக்கு வந்தும் அவன் என் கையிலிருந்து சோறு வாங்கவில்லை. தட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன்.