வலப்பக்கக் கைப்பிடி

மே 3, வெள்ளி

வேலை முடிந்து நேரே எங்கள் ரோவில் பகுதிப் பப். வெள்ளி விரதம், ஆகவே லெமனேட். ஐம்பத்துமூன்று வயதில், காலையில் பூசிய திருநீற்றோடு, மூலையிலுள்ள பழைய வீடியோ கேம் பெட்டியில் விண்கலம் சுட்டுக்கொண்டு நிற்கிறேன். மூன்றாம் கட்டத்தில் செத்தேன். இருவர் ஆடும் பெட்டி அது. வலப்பக்கக் கைப்பிடி சும்மா கிடக்கும்.

மகன் வேலைக்கென்று பேர்த் போனபின் வீட்டில் பேச்சில்லை. மனைவி கலாவோடு சண்டையும் இல்லை. கதைக்க விசயம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இந்தப் பெட்டியாவது சத்தம் போடுகிறது.

வழமைபோல் காரைப் பின்பக்கம் குப்பைத்தொட்டிகளுக்கு அருகே மறைத்து விட்டேன். எங்கட சனம் கண்டால் குடிகாரன் என்றுவிடும்.

மே 11, சனி

கேரம் டவுன்ஸ் கோயில் அன்னதான வரிசை. முன்னால் சந்திரவதனா அக்கா, கலாவின் காதுக்குள்:

"உன்ர மனிசன்ர கார் பப்புக்குப் பின்னால ஒளிச்சு நிக்குது பிள்ளை. குடிக்கிறவன் முன்னுக்கு விடுவான். பின்னுக்கு விடுறவன் சூதாட்ட மெசினுக்குப் போறவன்."

நான் தெரிவுசெய்த குப்பைத்தொட்டி அவருடைய குசினி ஜன்னலுக்கு நேரே. தமிழ் வானொலியில் ஊர்ச்செய்தி வாசிக்கிறவன் நான். இன்று நானே செய்தி.

மே 12

கலா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மே 15, புதன்

"பிளாக்டவுனுக்குத் தங்கச்சியிட்டப் போறன். பிளேன் டிக்கெட் போட்டாச்சு," என்றாள் கலா.

"எப்ப வருவீர்?"

"பாப்பம்."

பாப்பம். இருபத்தாறு வருசக் கலியாணத்துக்கு ஒரு சொல். சூதாடவில்லை என்றால், பிறகு என்ன செய்கிறேன் என்று சொல்லவேண்டும். சூதாடிக்காவது ஒரு மரியாதை இருக்கு. விண்கலம் சுடுறன் எண்டு எந்த வாயால சொல்ல?

மே 17, வெள்ளி

வாயால் சொல்லவில்லை. கலாவைப் பப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காரை முன்வாசலில் விட்டேன். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இதுக்கோ ஒளிச்சனீங்கள்?"

"ஓம்."

"சூதாட்டம் எண்டாலாவது டொக்டரிட்டக் காட்டலாம்."

சிரிக்கவில்லை. கைப்பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு வலப்பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். உடனே செத்தாள்.

"இது ஒரு பக்கந்தான் திரும்புது. தெரியாதோ?"

தெரியாது. அந்தப் பக்கம் யாரும் நின்றதில்லை.

மே 19, ஞாயிறு

விமான நிலையத்தில் இறக்கினேன். டிக்கெட்டை மாற்றவில்லை. "போட்டு வாறன்" என்றாள். விடைபெறும்போது எல்லோரும் சொல்வதுதான். திரும்பும் வழியெல்லாம் அந்த 'வாறனை'ப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மே 24, வெள்ளி

கைப்பிடியைத் திருத்தித் தரும்படி பப்காரனிடம் கேட்டேன். நீ இடப்பக்கம்தானே ஆடுகிறாய், யாருக்கு என்றான். மனைவிக்கு என்றேன். இத்தனை நாளும் எனக்கு யாருமில்லை என்று நினைத்திருந்தானாம்.

நான்தான் நினைக்க வைத்திருக்கிறேன்.

மே 29, புதன்

கலா போன் எடுத்தாள்.

"வெள்ளி பின்னேரம் எயார்போட்டுக்கு வாங்கோ. அந்தக் கைப்பிடி திருத்தினவங்களோ?"

"ஓம்."

நேரே வீட்டுக்கோ என்று கேட்டேன்.

"எனக்கும் விரதம். லெமனேட் எண்டாச் சரி."