அந்த ஒருவர் யார், சார்?

சார்,

இன்று காலை கிடங்கில் ஆட்கள் நாற்காலிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தபோது, உங்கள் சேவைச் சங்கத்தின் புதுத் தலைவர் வந்தார். சின்ன வயசு. பைக் ஷோரூம் வைத்திருக்கிறார். கண் சிகிச்சை முகாமுக்கு நாற்காலி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் திறந்து வைத்தார். உள்ளே பஞ்சின்மேல் சங்கத்து பின். உறுப்பினர்கள் நெஞ்சில் குத்திக்கொள்வது.

"மெம்பர்ஷிப் ரொம்ப கொறஞ்சி போச்சுண்ணா. நீங்க கண்டிப்பா சேரணும்," என்றார்.

நான் அதைத் தொடவில்லை. அதே மாதிரி ஒன்றை உங்கள் உள்ளங்கையில் பார்த்தவன் நான்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருடம். திண்டிவனத்தில் நான் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விட ஆரம்பித்த புதிது. உங்கள் மருந்துக்கடை எதிர்வரிசையில் இருந்தது. நீங்கள் அப்போது சங்கத்தின் செயலாளர். கூட்டம் எங்கே நடந்தாலும் நாற்காலி என்னுடையதுதான். போட்டு முடித்துவிட்டு மைக்செட் பக்கத்தில் நின்றுகொள்வேன். அந்த வருடத்துத் திட்டங்களைப் பேசிய கூட்டத்தில், எங்கள் காலனிக்குத் தண்ணீர்த்தொட்டி கட்டித் தருவதென்று முடிவானது. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்ததும் நீங்கள் எழுந்தீர்கள்.

"குடுக்கறதுக்கு காலனிக்கு போறோம். அங்கேர்ந்து ஒருத்தர நம்ம கூட உக்கார வெக்கக் கூடாதா? மெம்பர்ஷிப்புக்கு அந்தோணி பேர நான் சொல்றேன்."

தலைவர் பெயரைக் குறித்துக்கொண்டார். என் பெயரைக் கேட்டதும் நான் குனிந்து மைக் ஒயரைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

புதுப் பெயர் வந்தால் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிவிப்பார்கள், ஒரே ஒருவர் மறுத்தாலும் அந்தப் பெயர் விழுந்துவிடும், மறுத்தவர் யார் என்பது தலைவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சங்கத்தின் விதி அது. உங்களுக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. பின்னை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தீர்கள். "பேர் சொன்னவன்தான் குத்தி விடணும்யா. நல்ல சட்டையா போட்டுக்கினு வா." என் மனைவி வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தாள். என்னைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம்.

புது உறுப்பினர்களையும் சேர்த்துக்கொள்ளும் பதவியேற்பு விழா அன்று நான் கடைசி வரிசையைப் போட்டுக்கொண்டிருந்தபோது, கோட்டும் சூட்டுமாக என்னிடம் வந்து நின்றீர்கள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"யாரோ ஒருத்தர் அப்ஜெக்‌ஷன் குடுத்துட்டாங்கய்யா."

"யாரு சார்?"

"சொல்ல மாட்டாங்க. அதான் ரூலு."

வெள்ளைச் சட்டையோடு ஓரமாக நின்று அத்தனை பேரையும் பார்த்தேன். எல்லோரும் என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மறுத்தது ஒருவர். பெயர் தெரியாததால் எனக்கு எல்லோருமே அவராகிவிட்டார்கள். "இன்னா அந்தோணி, சௌக்கியமா?" என்று வாய் நிறையக் கேட்பவர்களிடமும் அதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரி பேச முடியவில்லை. சொன்னபடி தண்ணீர்த்தொட்டி வந்தது, சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். தண்ணீரும் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒருவரும் இதற்கு நன்கொடை கொடுத்திருப்பார் என்பது நினைவுக்கு வந்தால் மட்டும் தொண்டையில் இறங்காது.

அடுத்த வருடமும் என் பெயரைச் சொன்னீர்கள். அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் மறுத்தார். "விடுங்க சார், ஒரே பேஜாரா கீது," என்று நான் சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை. ஒருமுறை எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அப்படிப்பட்ட எடத்துல நீங்க மட்டும் ஏன் சார் உக்காந்துக்கினு இருக்கீங்க?"

நீங்கள் கோபப்படவில்லை. "நானும் எழுந்து வந்துட்டா உன் பேர சொல்றதுக்கு அங்க ஒரு ஆளு இருக்க மாட்டாம்யா," என்றீர்கள்.

கடைசியாக உங்களைப் பார்த்தது விழுப்புரம் ஆஸ்பத்திரியில். வார்டில் நாற்காலி இல்லை. ஊருக்கே நாற்காலி கொடுக்கிறவன் உங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். சிறுநீரகம் கெட்டு வீங்கிப்போயிருந்த காலை மெல்ல நகர்த்தி, "இங்க உக்காருய்யா," என்றீர்கள். உட்கார்ந்தேன். "இந்த வருசமும் உன் பேர குடுத்திருக்கேன்," என்றீர்கள். அந்த வருட முடிவு வருவதற்குள் போய்விட்டீர்கள்.

சங்கத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். நாற்காலி என்னுடையதுதான். ரத்ததானம், கண் முகாம், தண்ணீர்த்தொட்டி என்று உங்கள் சேவைகளை வரிசையாகச் சொன்னார்கள். வருடா வருடம் நீங்கள் கேட்டு அவர்கள் கொடுக்காத ஒன்றைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றுதான் சார், எனக்கு அழுகை வந்தது. காரியம் முடிந்த பிறகு உங்கள் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தார்கள். "இது உங்களுதாம். ஆஸ்பத்திரிக்கு போவசொல்லகூட பாக்கெட்ல வெச்சிக்கினு போனாரு." பிரித்துப் பார்த்தால் அந்தப் பின். உங்கள் வேர்வை பட்டுக் கறுத்திருந்தது.

இதெல்லாம் புதுத் தலைவருக்குத் தெரியாது. நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "இப்பல்லாம் யாரும் அப்ஜெக்ட் பண்ண மாட்டாங்கண்ணா. பண்றதுக்கு ஆளு வேணுமே!" என்று சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். அந்த ஒருவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. பழைய உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். அந்த ஒருவருடைய இழவு வீட்டுக்கும் நான்தான் நாற்காலி அனுப்பியிருப்பேன்.

டப்பாவை மூடித் தலைவரிடமே கொடுத்தேன்.

"இன்னாண்ணா, எங்க மேல கோவமா?"

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நீங்கள் எனக்காக வாங்கியது அங்கேதான் இருந்தது.

"கோவம் இல்ல தம்பி. பின் எங்கிட்டயே கீது. குத்தி விடறதுக்குத்தான் ஆளு இல்ல."