மூன்றையும் ஒரே நாளில் சொல்லாதவன்

அண்ணா,

இன்று தபால் நிலையத்தில் முத்திரை மையின் வாசனை அடித்தது. அன்று கோர்ட்டில் மனு வாங்கும் மேசையில் அடித்த அதே வாசனை. வரிசையை விட்டு வெளியே வந்து நின்றுவிட்டேன்.

ஜப்பான்காரன் இந்த ஊரைப் பிடித்து ஆண்ட காலம். ஜாலான் புசார் தெரு இரும்புக்கடையில் நீங்கள் கிட்டங்கிச் சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆணிப்பெட்டிகள் காணாமல் போயின. முதலாளி உங்களைக் கைகாட்டினார். கோர்ட்டில் இரண்டு வருடம் தண்டனை. கூண்டிலிருந்து இறங்கும்போது, "நான் எடுக்கலை தங்கச்சி. அப்பீல் போடு, உனக்குத்தான் டைப் அடிக்கத் தெரியுமே" என்றீர்கள்.

மறுநாளே மனுவோடு போனேன். கோர்ட்டுக் குமாஸ்தா தமிழன்தான். "கைதி கையெழுத்து இல்லையேம்மா, எடுக்க முடியாது லா" என்றான். சிறை வாசலில் மூன்று நாள் நின்று உங்கள் கையெழுத்தை வாங்கி வந்தேன். "தீர்ப்பு நகல் எங்கே?" என்றான். அதற்கு மேலும் நான்கு நாள். நகலையும் நீட்டியபோது நாள்காட்டியைப் பார்த்தான்.

"ஏழு நாளுக்குள்ள போடணும். நேத்தோட முடிஞ்சிருச்சு."

"மொத நாளே ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே."

அரிசி கொண்டுபோனவர்களுக்கு மட்டும் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வான் என்று பிறகுதான் தெரிந்தது. நம் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் இருந்தது. ஐந்தாம் மாதம் சிறையிலேயே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாள் கோர்ட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். அழுதுகொண்டு வெளியே வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்தினேன். "கையெழுத்து, நகல், ஏழு நாள். மூணையும் இன்னிக்கே ஆரம்பிங்க." மனுக்களை நானே டைப் அடித்துக் கொடுத்தேன். அவனுக்கு அரிசி வருவது நின்றது. முதல் இரண்டு நாள் அவன் அலைக்கழித்த ஒரு மலாய்க்கார அம்மாள், நான் டைப் அடித்துக் கொடுத்த மகனின் அப்பீலில் நீதிபதியிடமே அதைச் சொல்லிவிட்டார். மகன் விடுதலையானான். குமாஸ்தாவுக்கு வேலை போயிற்று.

ஒருநாள் சிராங்கூன் ரோட்டில் என்னை மறித்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே, உனக்கு நான் என்ன செஞ்சேன்?"

உங்கள் பெயரைச் சொன்னேன். தெருவே திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு முறையும் சொன்னேன். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நினைவுக்கு வரவில்லை.

தேக்கா வட்டாரத்தில் இப்போதும் என்னைப் புண்ணியவதி என்கிறார்கள். புண்ணியத்துக்காக ஒரு வரிகூட நான் அடிக்கவில்லை, அண்ணா. அவன் சோற்றில் மண் விழ வேண்டும் என்றுதான் ஒவ்வொரு எழுத்தையும் தட்டினேன். போன வருடம் அவன் செத்துவிட்டதாகச் சொன்னார்கள். சந்தோஷப்படத்தான் நினைத்தேன். நீங்கள் யாரென்று நினைவு வராமலே போய்ச் சேர்ந்துவிட்டானே என்ற ஆத்திரம்தான் பொங்கியது. அது இன்னும் ஆறவில்லை.