அகப்பைக்காரி தங்கத்தின் பங்கு

உ

தியாகராய நகர்,
சென்னை - 17.
1978, புரட்டாசி 20.

அன்பு மகன் ஜவஹருக்கு அம்மா எழுதுவது. நான் நடமாட்டத்தோடு சுகமாக இருக்கிறேன், நீயும் மருமகள் நீரஜாவும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று திருச்செந்தூர் முருகனை நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். பேரனுக்கு உன் அப்பா பேரை வைத்ததில் எனக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு சங்கடம், அந்தப் பேரை என் வாயால் சொன்னதும் இல்லை கையால் எழுதினதும் இல்லை, அதனால் சின்னவன் என்றே எழுதுகிறேன், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். நீ அனுப்பின போட்டோவைப் பார்க்காத ஆள் இந்தத் தெருவில் பாக்கி கிடையாது. நெற்றி என் நெற்றிதான் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நீரஜா வருத்தப்பட வேண்டாம், மூக்கை அவளுக்கே விட்டுக்கொடுத்திருக்கிறேன். எனக்கு முழங்கால் வலி மாடி ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான் இருக்கிறது, அதனால் இறங்குவதைக் குறைத்துக்கொண்டேன். வெளிநாட்டுக்குப் போடுகிற நீலத் தபாலில் எழுதினால் பாதியில் இடம் முடிந்துவிடும், சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதற்காகத் தாள் வாங்கிவரச் சொல்லி எழுதுகிறேன்.

தீபாவளி வியாபாரம் ஆரம்பித்துவிட்டது. உஸ்மான் ரோட்டில் மழையிலும் கூட்டம்தான், குடையும் குடையும் இடித்துக்கொண்டு போகிறது. சித்தப்பா கடை வாசலில் கண்ணாடிக்குள் ஆள் உயரப் பொம்மை நிறுத்திப் பட்டுச் சேலை கட்டியிருக்கிறார், பொம்மைக்கு மூக்குத்தி இல்லை, நான் சொன்னேன், கேட்கவில்லை. கடைப் பையன்கள் எல்லாரும் இப்போது மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார்கள், ஒரு வருஷமாகிறது, உனக்கு முன்னமே எழுதினேன். சித்தப்பா நல்லதுக்குத்தான் செய்தார், மதினிக்கு வயசாயிற்று இன்னும் எத்தனை நாளைக்குப் பந்தி பந்தியாகப் பரிமாறுவாள் என்று நினைத்தார். நியாயம்தான். ஆனால் தீபாவளிச் சமயத்தில் பையன்கள் மூன்று பந்தியாக மாடி ஏறி வருகிற சத்தம் இருக்கிறதே, இப்போதும் ஒரு மணி அடித்தால் காது தானாக அந்தப் பக்கம் போகிறது. பித்தளை அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், பல்லி அதற்குள் குடித்தனம் பண்ணுகிறது. எனக்கு ஆழாக்கு அரிசி போதும், கை மட்டும் பழையபடி அள்ளிவிடுகிறது. மிஞ்சுவதை ஹாஜிரா பீ தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். நம் கடைச் சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுப்பாளே, அவள்தான், இப்போது நம் மாடி நடையிலேயே உட்கார்ந்து தைக்கிறாள், வெளிச்சம் நல்லா கீது என்கிறாள். வெளிச்சம் அவள் வீட்டிலும் இருக்கிறது, எனக்காகத்தான் வருகிறாள் என்று தெரியும், நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

இனி உன் விளையாட்டு விஷயம். நீ எழுதினது எனக்கு நன்றாகவே புரிந்தது, ஐந்தாம் வகுப்பு என்று என்னை லேசாக நினைக்காதே. உன் காலேஜில் ஒரு அறை நிறையக் கம்ப்யூட்டர் யந்திரம், அதற்கு டெலிவிஷன் போல ஒரு கண்ணாடி, வேலை முடிந்த பிறகு நீயும் உன் கூட்டாளிகளும் அதில் ஒரு விளையாட்டு எழுதுகிறீர்கள், ஒவ்வொருவரும் தனக்கு ஒரு ஆளை உண்டாக்கி அந்த ஆளாகவே மாறிக் காடு மலை எல்லாம் தாண்டிப் போக வேண்டும், வெவ்வேறு கதையில் இருக்கிறவர்களும் ஒன்றாகச் சேர்ந்து வரலாம். ராட்சசன் ஒருத்தன், ஆகாயக் கப்பல் ஓட்டுகிறவன் ஒருத்தன், குதிரைக்காரன், கத்திச் சண்டைக்காரன், சூனியக்காரி, அப்புறம் நீ, பேசுகிற நரி. இத்தனை வேஷம் இருக்க நரிதானா கிடைத்தது என்று முதலில் மனசு சுருக்கென்றது, பிறகு நீ சின்ன வயதில் அடுக்களையில் முறுக்குத் திருடினது நினைவு வந்தது, சரிதான் என்று விட்டுவிட்டேன். ஏழாவது ஆளை அம்மா நீ உண்டாக்கு என்று எழுதியிருந்தாய். என்னிடம் யாராவது ஒன்று உண்டாக்கச் சொல்லி ரொம்ப நாளாயிற்று ராசா. ஒரு வாரம் அதே நினைப்புத்தான். எந்தக் கதையிலிருந்து வருகிறாள் என்று கேட்டிருந்தாய், எந்தக் கதையிலும் வீரர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் சண்டைக்குப் போகிறார்கள், வடித்தது யார் என்று ஒரு கதையிலும் எழுதவில்லை, அதனால் என் ஆள் எல்லாக் கதைக்கும் பின்கட்டிலிருந்து வருகிறாள், கையில் அகப்பை, பேர் தங்கம் என்று எழுதி அனுப்பினேன். தங்கம் என்பது என் அப்பா என்னைக் கூப்பிட்ட பேர். அப்படிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை, உன் யந்திரக் கண்ணாடியிலாவது அந்தப் பேர் விளக்குப் போல எரியட்டும் என்று நினைத்தேன்.

உன் ஆளுக்கு அறுபது புள்ளி, பலம் புத்தி வேகம் அதிர்ஷ்டம் என்று பங்கிட்டு எழுது என்று சொல்லியிருந்தாய். நானும் பங்கிட்டேன். ராட்சசனுக்குப் பலம் ஏற்கெனவே இருக்கிறது, அவனுக்குப் புத்தியில் பத்து. சூனியக்காரியைக் கண்டால் எல்லாரும் பயப்படுவார்கள், அவளுக்கு அதிர்ஷ்டத்தில் பத்து. ஆகாயத்தில் போகிறவனுக்கு வேகம் எதற்கு, பலம்தான் வேண்டும். இப்படி ஆறு பேருக்கும் தலைக்குப் பத்து, பதார்த்தம்தான் ஆளைப் பார்த்து, அளவு எல்லாருக்கும் ஒன்று, கணக்கு மிச்சம் மீதி இல்லாமல் வந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். அறுபதும் தங்கத்துக்கு மட்டும்தான், அவளே வைத்துக்கொள்ள வேண்டியது என்று உன் போன கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. பலம் ஒன்றுமில்லாதவளை யந்திரம் செத்தவள் என்று எழுதிவிட்டது, அவள் எழுந்து நிற்கவே இல்லை, என் கூட்டாளிகள் சிரித்தார்கள் அம்மா என்று எழுதியிருந்தாய். பனி விழுகிற லீவில் விளையாட்டை ஆரம்பிக்கிறோம், அதற்குள் மற்றவர்களிடம் கொடுத்ததைத் திரும்ப எடுத்துத் தங்கத்துக்குக் கொடுத்து எழுது, இல்லாவிட்டால் அவளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. விளையாட்டுத்தான், தெரியும். இருந்தாலும் செத்தவள் என்று எழுதியிருக்கிறதே.

சித்தப்பா கடை சாத்திவிட்டு வந்தபோது சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, என்ன மதினி இதுக்குப் போயி முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு, ஆளுக்கு ஒண்ணு எடுத்தா ஆறு வந்திரும்லா, அவளும் பொழச்சிருவா, அவங்களுக்கும் கொறையாது என்றார். எடுக்கிற விஷயத்தில் வியாபாரிக்கு யோசனை சீக்கிரம் வருகிறது. ஹாஜிரா பீ மிஷினை நிறுத்திவிட்டு, இன்னாம்மா, செத்துப் பூட்டவளுக்கா இம்மா ரோசனை, அன்னிக்கே உனுக்குன்னு கொஞ்சம் எட்த்து வெச்சிக்கினா இன்னா, சாமி கண்ணக் குத்திடுமா என்றாள். அப்புறம் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, நீ எங்க வெச்சிக்கப் போற, ஒன்னிய எனுக்குத் தெரியாதா என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். நான் யோசித்துப் பார்த்தேன் ஜவஹர். இலையில் விழுந்தது எச்சில். வைத்த கையால் திரும்ப வழித்தால் அது பரிமாறினது ஆகாது. இத்தனை வருஷத்தில் ஒரு பையன் இலையிலிருந்தும் ஒரு அப்பளத்தை நான் எடுத்ததில்லை, சாம்பார் தீர்ந்துபோன நாளில்கூட ரசத்தைக் கூட்டினேனே தவிர வைத்ததைத் தொட்டதில்லை. முகம் தெரியாத பிள்ளைகள், அந்த ராட்சசன் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருப்பான், அவனிடம் போய்க் கொடு என்று எப்படிக் கேட்பேன். நான் எடுக்கமாட்டேன். அவள் நின்றாலும் சரி கிடந்தாலும் சரி என்று அப்படியே எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அதற்குள் நீரஜா கடிதம் வந்தது. சின்னவன் சரியாகவே சாப்பிடுவதில்லை, தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான், தினமும் குப்பைக் கூடையில்தான் கொட்டுகிறேன் என்று பாவம் அழாத குறையாக எழுதியிருக்கிறாள். அவளைக் கண்டிக்காதே, குழந்தையையும் மிரட்டாதே. பசித்தால் சாப்பிடுவான், கொஞ்சமாகப் பிசைந்து இன்னொரு தரம் கொடுக்கச் சொல், வாரம் ஒரு நாள் ஓமம் தட்டிப்போட்டுக் கஷாயம் கொடுக்கட்டும், ஓமம் அங்கே கிடைக்காவிட்டால் எழுதினால் அனுப்புகிறேன். பிள்ளைகள் மிச்சம் வைக்கத்தான் செய்யும். நீ வைக்காத மிச்சமா. பந்தி எல்லாம் முடிந்து அடுப்பை அணைத்துவிட்டு நான் உட்காரும்போது அண்டாவில் ஒன்றும் இருக்காத நாள் எத்தனையோ உண்டு, அன்றைக்கெல்லாம் நீ பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் பாதியில் வைத்துவிட்டுப் போன தட்டுத்தான் எனக்குச் சாப்பாடு. உனக்கு இது தெரியாது, சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை. ஊரார் இலையில் இருந்தால்தான் எச்சில், பெற்ற பிள்ளை வைத்த மிச்சத்துக்கு எச்சில் என்று யாரும் பேர் வைக்கவில்லை. நீரஜாவின் கடிதத்தை வைத்துக்கொண்டு இதை நினைத்தபோதுதான் தங்கத்துக்கும் வழி தெரிந்தது.

அதனால் இப்படிச் செய். மற்ற ஐந்து பேர் பங்கிலும் கை வைக்காதே. நரிக்கு நான் கொடுத்த பத்து இருக்கிறதே, பலமோ வேகமோ எதில் கொடுத்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது, அதில் நீயாக என்ன மிச்சம் வைக்கிறாயோ அது தங்கத்தின் பங்கு. நான் எடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை, நீ வைத்தது. ஒன்று வைத்தாலும் அவள் எழுந்து நின்றுவிடுவாள், அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மலை ஏறிவிடுவாள், இறங்கும்போது மட்டும் நரி கொஞ்சம் நின்று கூட்டிக்கொண்டு போகட்டும். உன் கூட்டாளிகளிடமும் யந்திரத்திடமும் இது சம்மதமா என்று கேட்டுக்கொள். அது கண்ணாடிக்குள் நடக்கிற காரியம், கடிதத்தில் எழுதினால் நடந்துவிடும். வெளியே இருக்கிறவளுக்கு அப்படி இல்லை ராசா. நீ அப்பா காரியத்துக்கு வந்தபோது நாலு நாள் இருந்தாய், வீடு நிறைய ஆள், உனக்கு யார் பரிமாறினார்கள் என்றே எனக்குத் தெரியாது, நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்னால் நீ விமானம் ஏறின அன்றைக்குத்தான் கடைசியாக உனக்கு என் கையால் சாப்பாடு வைத்தேன், அன்றும் பாதியில் எழுந்துவிட்டாய். சின்னவன் இன்னும் ஒரு தரம்கூட என் கையால் சாப்பிடவில்லை. மிச்சம் வைக்க வேண்டும் என்றால் முதலில் வந்து உட்கார வேண்டும். இதுவரைக்கும் வா என்று நான் எழுதினதில்லை, உன் வேலை உனக்கு, செலவு உனக்கு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன். தை மாதமோ சித்திரையோ, மூன்று பேரும் வாருங்கள். சின்னவன் எவ்வளவு வைத்துவிட்டு எழுந்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க நேரம் இல்லாவிட்டால் உச்சியில் ஒரு சொட்டாவது வை. நீரஜாவுக்கு என் அன்பு, சின்னவனுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருந்து வாழையடி வாழையாகத் தழைக்க வேண்டும் என்று செந்தூரானை வேண்டிக்கொள்கிறேன். தங்கம் எழுந்து நின்றாளா என்று உடனே ஒரு வரி எழுது. வருகிறதாக இருந்தால் நாள் குறித்து முன்கூட்டியே எழுது, மறந்துவிடாதே, ஈயம் பூசுகிறவன் நம் தெருவுக்கு மாதம் ஒரு தரம்தான் வருகிறான், அண்டாவை நிமிர்த்திக் கொடுக்க வேண்டும்.

உன் அம்மா,
சுந்தரவல்லி