ரத்தம் நிற்கப் பள்ளிக்கூடம் போனேன்

ஆகஸ்ட் 19
பதினாறாம் நாள்.

இன்று வெள்ளரிக்காய் இரண்டு வண்டி வந்து இறங்கியது. ஊறுகாய்க் கடைக்கார ஸாஃப்தா அக்கா சந்தைக்கே கேட்கும்படி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஏன்டி ஸிமினா, இன்னிக்காவது சுத்தமா இருக்கியா?" நான் தலையை இல்லை என்று ஆட்டினேன்.

"இன்னுமா? உனக்கு மாசம் முப்பது நாளும் அதுதான். போ, போய் ஜாடியக் கழுவு. காய்ல கை வச்சியோ, பீப்பா மொத்தமும் கொழகொழன்னு போயிரும்."

ஊறுகாய் போடுகிறவளுக்கு முழுக் கூலி. ஜாடி கழுவுகிறவளுக்குப் பாதி. மதியம் குனிந்து நிமிர்ந்தபோது கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த பீப்பாயைப் பிடித்துக்கொண்டேன். அதற்கும் திட்டு. விழுந்திருக்கலாம் போல.

ஆகஸ்ட் 20
பதினேழு. மூன்று ஸ்வெட்டர் போட்டும் குளிர்கிறது. ஆகஸ்டில்!

ஆகஸ்ட் 22
பத்தொன்பதாம் நாள்.

அம்மா மாடிப்படி கூட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போனாள். நர்ஸ் ஸெனோவியா என் கார்டை இயந்திரத்தில் வைத்தார். சிவப்பாக ஏதோ வந்தது.

"படிக்கிறாளா?"

"இல்ல" என்றாள் அம்மா. "ஏழாவதோட நின்னுட்டா."

"ஒப்பந்தம் போட்ட வேலை உண்டா?"

"ஊறுகாக் கடைல இருக்கா."

"அப்ப காப்பீடு இல்லம்மா. பதினெட்டு வரைக்கும் சர்க்கார் பாத்துக்கும். அதுக்கு மேல படிச்சாத்தான். இவளுக்கு ஆகஸ்ட் மூணாந்தேதியோட முடிஞ்சிருச்சு."

ஆகஸ்ட் மூன்று என் பிறந்த நாள். ஆகஸ்ட் நான்கு இந்தத் தடவை ஆரம்பித்த நாள். இந்தத் தொல்லை தொடங்கி நான்கு வருடமாகக் கார்டு உயிரோடு இருந்தது. நான்கு வருடமாக வெட்கப்பட்டுக்கொண்டு நான் போகவே இல்லை. என்ன பெண் நான்?

பெண்கள் மருத்துவருக்கு இவர்கள் எழுதித் தரும் சீட்டு இல்லாமல் தனியாரிடம் போனால், பார்ப்பதற்கு மட்டுமே பத்து நாள் கூலி. பரிசோதனையெல்லாம் தனி.

கிளம்பும்போது ஸெனோவியா சிரித்துக்கொண்டே சொன்னார். "வயித்துல ஒண்ணு இருந்தா நாளைக்கே சீட்டு எழுதிரலாம். கர்ப்பிணிக்கு எல்லாமே இலவசம்."

நான் சிரித்து வைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24
பயந்தபடியே ஆயிற்று. தட்டில் சோர்பா சூப் ஊற்றும்போது அம்மா ஆரம்பித்தாள்.

"மூணாவது மாடி ஸாந்து நல்ல பையன்டி. ஜெர்மனில கூரை போடற வேல."

"அம்மா, ரத்தம் நிக்கிறதுக்காகப் பிள்ள பெத்துக்கணுமா?"

"கல்யாணத்தத்தான் சொல்றேன். உன் வயசுல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நீ பொறந்தே, சரியாப் போச்சு."

"எங்க சரியாப் போச்சு? நாப்பதுல கர்ப்பப் பையவே எடுத்துட்டாங்களே."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இதைச் சொன்னது நான்தானா? வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கேட்காமல் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறவள் நான்.

ஆகஸ்ட் 27
இருபத்து நான்கு. ஸாஃப்தா அக்காவிடம் ஒப்பந்தம் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டேன். நாலு நாள் ஒத்திகை பார்த்த கேள்வி.

"பேசவே தெரியாத வாய் ஒப்பந்தம் கேக்குது பாரேன்! அதுக்குக் கட்டற வரில நான் இன்னொரு கடையே போட்டுருவேன். போடி."

கேட்டுவிட்டேன், அது போதும்.

ஆகஸ்ட் 30
இருபத்தேழு. பஸ் நிறுத்தத்தில் விழுந்துவிட்டேன். யாரோ ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறார்கள். அவசரப் பிரிவில் காப்பீடு கேட்பதில்லை. ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். மருத்துவருக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும்.

"இப்போதைக்கு நின்னுரும். ஆனா ஏன் இவ்வளவு போகுதுன்னு பாக்கணும். சீட்டு வாங்கிட்டுப் பெண்கள் மருத்துவர்கிட்டப் போ."

"எனக்குச் சீட்டு தரமாட்டாங்க."

"ஏன்?"

"படிக்கல."

"அப்பப் படி" என்றார்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே விளையாட்டாகத்தான் சொன்னார். அடுத்த கட்டிலுக்குப் போயும் விட்டார். நான் பாட்டிலில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். படி. படித்தால்? பாதியில் நின்றவர்களுக்கு நான்காம் எண் பள்ளியில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. அம்மா கூட்டுகிற மாடிப்படியில் சுவரொட்டி பார்த்திருக்கிறேன். வயது வரம்பு இல்லை. அதில் சேர்ந்தால் நானும் மாணவிதானே?

செப்டம்பர் 2
மூன்று நாளாக இல்லை. இன்று மறுபடி. இதை ஒன்று என்று எழுதுவதா, முப்பது என்று எழுதுவதா? முப்பது என்றே எழுதுகிறேன். விடுப்புக்கெல்லாம் கணக்கில் சலுகை கிடையாது.

பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பினேன்.

செப்டம்பர் 3
படிக்கட்டு வரை.

செப்டம்பர் 4
அலுவலகக் கதவு வரை. உள்ளே நாலைந்து ஆண்கள் வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

இதே பள்ளியில், ஏழாவதில் என்ன நடந்தது என்று இதுவரை எழுதியதில்லை. பாடத்தின் நடுவில் வெளியே போக அனுமதி கேட்டேன். "மணி அடிக்கட்டும்" என்றார்கள். மணி அடித்து எழுந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம், அப்புறம் சிரிப்பு. மறுநாள் நான் போகவில்லை. அவ்வளவுதான். அந்தக் கட்டடத்துக்குள் திரும்பப் போகத்தான் கால் வரமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 5
முப்பத்து மூன்று. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சேருவதற்கு என்னென்ன வேண்டும் என்று அவளே போய் விசாரித்து வந்தாள். பிறப்புச் சான்றிதழ், ஆறாவது மதிப்பெண் பட்டியல், கம்பி வைத்த அட்டைக் கோப்பு. கூடவே ஒரு மருத்துவச் சான்றிதழ்.

அதற்காக ஸெனோவியாவிடம் போனோம். அச்சடித்த தாளில் என் பெயரை எழுதி முத்திரை குத்தினார். "மருத்துவப்படி ஆரோக்கியமானவர். மற்றவர்களோடு வகுப்பில் உட்காரலாம்."

"நர்ஸம்மா, இவ நேத்து படில உக்காந்து மூச்சு வாங்குனா" என்றாள் அம்மா.

"ஆரோக்கியமானவள்னு எழுதாட்டி அங்க சேக்க மாட்டாங்க. அங்க சேராட்டி இங்க நோயாளின்னு எழுத முடியாது. என்ன எழுதட்டும், நீயே சொல்லு?"

அம்மா யோசித்தாள். "ஆரோக்கியம்னே எழுதுங்க."

செப்டம்பர் 8
முப்பத்தாறு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அலுவலகத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் ஆட்டு வாசனையோடு ஒரு பெரிய மனிதர். செயலாளர் அம்மா கோப்பைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"வருஷா வருஷம் பாக்கறேன். செப்டம்பர்ல வருவீங்க, மாணவர் சான்றிதழ வாங்குவீங்க, அப்புறம் ஆளையே காணோம். எதுக்குச் சேரணும், சொல்லு."

படிக்க ஆசை என்று சொல்லத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். வாய் வேறு எதையோ சொன்னது.

"எனக்கு ரத்தம் நிக்கல மேடம். முப்பத்தாறு நாளா."

என் கரகரத்த குரல்தான், அதுவும் பெரிதாக.

அவர் தாளைப் பார்த்தார். "இதுல ஆரோக்கியமானவள்னு போட்டிருக்கே?"

"ஆரோக்கியமா இருந்தாத்தான் சேப்பீங்களாம். சேந்தாத்தான் வைத்தியமாம். அதான் ஆரோக்கியமா வந்திருக்கேன்."

ஆட்டுக்காரர் குபீரென்று சிரித்தார். அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை. "முத்திரையக் குத்துங்கம்மா! நான் ஆடு மேய்க்கிறவன், நான் காத்திருப்பேன். அந்தப் பொண்ணு காத்திருக்க முடியுமா?" முன்னாலேயே முடித்துவிட்டு நின்ற மூன்று பேரும் "ஆமா ஆமா" என்றார்கள்.

செயலாளர் அம்மாவின் உதடும் கோணியது. பேனாவை எடுத்துவிட்டார். "ஆனா வகுப்புல உக்காரணும். நானே வந்து எண்ணுவேன். காணாமப் போனே, சான்றிதழும் போயிரும்."

"உக்காருவேன் மேடம்."

வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தேன். அத்தனை ஆண்கள் முன்னால் சொல்லிவிட்டேனே! கூரை இடிந்து விழவில்லை.

செப்டம்பர் 16
பச்சை! கார்டை வைத்ததும் பச்சையாக வந்தது. "வாழ்த்துகள், நீ இப்ப நோயாளி" என்றார் ஸெனோவியா. சீட்டு என் கையில் இருக்கிறது.

செப்டம்பர் 18
முதல் வகுப்பு. பதினோரு பேர். நான்தான் சின்னவள். ஆட்டுக்காரர் பெயர் கவ்ரிலா, எனக்கு முன் பெஞ்சு. பின்னங்கள் அவருக்கும் புரியவில்லை. கதவோர இடம் எனக்கு. கணக்கு ஆசிரியருக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "கேக்காமலே போயிட்டு வா" என்றார். இரண்டு தடவை போய் வந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 1
மாதம் முதல் தேதி காலை எட்டு மணிக்குத்தான் பெண்கள் மருத்துவரின் தொலைபேசியில் இடம் தருவார்கள். ஒன்பது மணிக்குள் மாதம் முழுக்க நிரம்பிவிடும். நானாக யாரையும் அழைத்ததே இல்லை. இன்று எழுபத்தொரு தடவை அழைத்தேன். எழுபத்தொன்றாவது தடவை எடுத்தார்கள். குரல் வந்தது, என் குரல்தான். 14ஆம் தேதி, பத்தரை மணி!

அக்டோபர் 14
எண்ணிக்கை விட்டுப்போயிற்று. நடுவில் எட்டு நாள் நின்று மறுபடி வந்தது.

மருத்துவர் குட்டையான பெண், வேகமாகப் பேசுகிறார். வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். "இங்க ஒண்ணும் இல்ல." எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றும் இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே.

"ஏன் அழறே? ஆமா, உன் குரல் எப்பவும் இப்படித்தானா?"

"ஆமா."

"குளிருமா?"

"ஆகஸ்ட்லயே."

என் கழுத்தில் கை வைத்தார். முழுங்கச் சொன்னார். இன்னொரு தடவை முழுங்கச் சொன்னார். பிறகு ஒரு நீளமான தாளில் ரத்தப் பரிசோதனைகளை எழுதினார். எல்லாம் கார்டிலேயே.

அக்டோபர் 22
கழுத்தில் இருக்கிற சுரப்பியாம், தைராய்டாம். அது தூங்கிப்போய்க் கிடப்பதால்தான் எல்லாம் தாறுமாறாகிறதாம். குளிர், களைப்பு, குரல், ரத்தம். நான்கு வருடம் எல்லோரும் என் வயிற்றையே திட்டினார்கள். பாவம் அது!

ரத்த அளவைப் பார்த்து, "ஏழுதான் இருக்கு. நடந்தா வந்தே?" என்றார் மருத்துவர். "பள்ளிக்கூடத்துக்கே நடந்துதான் போறேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. இரும்புச்சத்துக்கு வேறு. ரத்தத்தைக் கட்டுப்படுத்த வேறு. மெதுவாகத்தான் சரியாகும், மாதங்கள் ஆகும் என்றார். ஆகட்டும்.

நவம்பர் 1
ஒன்பதாம் நாள், ஆனால் கொஞ்சமாகத்தான். முட்டைக்கோஸ் வந்து இறங்கியது. "சுத்தமா?" என்று கேட்டார் ஸாஃப்தா அக்கா.

"சுத்தம்" என்றேன்.

நாலு பீப்பாய். தண்டைக் குடைந்து கல்லுப்பு திணித்து, சதகுப்பைத் தண்டும் மக்காச்சோளமும் போட்டு, என் கையாலேயே அடுக்கினேன். பொய்தான். முழுக் கூலி.

நவம்பர் 9
தினமும் பீப்பாய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். கெட்டுப்போனால்?

டிசம்பர் 10
கெட்டுப்போகவில்லை! பண்டிகைக்கு இலையில் இறைச்சி சுருட்டிச் சார்மலே செய்யக் கோஸ் வாங்க வந்தவர்கள் வரிசை மீன் கடை வரை நின்றது. ஒரு பெண் போன வாரம் வாங்கியவள், இரண்டாம் தடவை வந்தாள். "இல கிழியவே இல்ல, பட்டு மாதிரி சுருட்ட வருது."

"எங்க ஸிமினா கை" என்றார் ஸாஃப்தா அக்கா.

கூட்டம் குறைந்ததும் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னிக்கு எனக்கு ஒன்பதாம் நாள்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "கத்தாதடி! எத்தன பீப்பா?"

"நாலும்."

ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று கிள்ளினார். நான் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. நாளைக்குச் சீக்கிரம் வா, பச்சத் தக்காளி இருக்கு."

ஜனவரி 23
ஏழு நாள். ஏழாம் நாள் நின்றது. தானாக!

பிப்ரவரி 26
ஆறு நாள். ஸ்வெட்டர் ஒன்றுதான். ரத்த அளவு பதினொன்று.

ஸாந்து ஜெர்மனியில் யாரையோ கட்டிக்கொண்டானாம். "நல்ல பையன் போயிட்டான்" என்றாள் அம்மா. பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

மார்ச் 30
ஐந்து.

ஜூன் 11
இன்று ஸெனோவியாவிடம் மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்கப் போனேன். கணினியில் தட்டிக்கொண்டே கேட்டார். "கடைசியா எப்ப வந்துச்சு?"

அஞ்சாந்தேதியா? ஆறா? மே கடைசியிலா? எனக்குத் தெரியவில்லை. விரலை மடக்கிப் பார்த்தும் வரவில்லை.

"மறந்துட்டேன் நர்ஸம்மா."

"மறந்துட்டியா! இதெல்லாம் எழுதி வைக்கணும்டி. உன்ன மாதிரிப் பொண்ணுங்களுக்குப் பொறுப்பே கிடையாது."

"இனிமே எழுதி வைக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நான்கு மணிக்குப் புவியியல் தேர்வு. டான்யூப் எந்தெந்த நாடுகள் வழியாகப் போகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பத்து நாடுகள், எல்லாம் ஞாபகம் இருந்தது.