முதல் வரிசையில் சூரியன்

ஆரணி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஹேமநாத்துக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் படவேடு ரேணுகாம்பாள் புண்ணியத்துல நல்லா இருக்கோம், அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்ல. நீயும் அந்த சிலி மலை மேல டெலஸ்கோப்பும் கையுமா நல்லாத்தான் இருப்பே, சொந்தக் கல்யாணத்தையே கெடுத்துட்டு நிம்மதியா தூங்கறவனுக்கு என்ன குறை வந்துடப் போவுது. போன்ல பேசலாம்னா, பியூலா அப்பா பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போயிடுது. ரெண்டு நாள்ல கூப்பிடறேம்மான்னு சொல்லி ஒரு மாசம் ஆவுது. அதான் காகிதத்துல எழுதி போட்டோ புடிச்சு அனுப்பறேன், இதையாவது முழுசா படி.

அந்த மனுஷன் வேலூர்லேருந்து பஸ் புடிச்சு எதுக்கு வந்தாரு? நீ பியூலாவைத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னியே, அதுக்காக நிச்சயத்துக்கு நாள் பேச வந்தாரு. ஞானசிகாமணி சார் கவர்மெண்ட்ல ஜியாலஜி வேலை பார்த்து, பாறையைத் தட்டித் தட்டியே ரிட்டயர் ஆனவரு. பைபிள்ல கடவுள் ஆறு நாள்ல உலகத்தைப் படைச்சாருன்னு இருக்குதாம், அது காலண்டர் நாள் இல்லியாம், ஒவ்வொண்ணும் கோடிக்கணக்கான வருஷமாம். பாறையில பார்த்தாலும் தண்ணியில இருக்கற உயிரு முதல்ல, தரை மிருகம் அப்புறம், மனுஷன் கடைசின்னு கிட்டத்தட்ட அதே வரிசைதான்னு சொல்லிகினு இருந்தாரு. உங்கப்பா சும்மா இருப்பாரா, எங்க பெருமாளும் முதல்ல மீனாத்தான் வந்தாருன்னு எடுத்து விட்டாரு. ரெண்டு கிழமும் பள்ளிக்கூடப் பசங்க கணக்கா குஷியா பேசிகினு இருந்துச்சுங்க, எனக்குப் பாதி புரியல, ஆனா வரதட்சணைப் பேச்சு இல்லாம ஒரு சம்பந்தம் நடக்குதேன்னு நான் கேசரிக்கு மேல கேசரி வெச்சுகினு இருந்தேன். அப்போ வந்தாரு வீடியோ கால்ல நம்ம துரை, வேற யாரு, நீதான். உங்க பைபிள்ல சூரியனே நாலாம் நாள்தான் வந்துச்சுன்னா மூணாம் நாள் முளைச்ச செடிக்கு யாரு சார் டியூப் லைட் போட்டதுன்னு கேட்டு, கேட்டதோட விடாம ஹிஹின்னு சிரிச்சே பாரு. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாரு. நீ நட்சத்திரம் பொறக்கற போட்டோவைக் காட்டி கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டே. சார் காபியைப் பாதியில வெச்சுட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்து போயிட்டாரு.

மன்னிப்பு கேளுடான்னா, உண்மைக்கு எதுக்கும்மா மன்னிப்புன்றே. அடேங்கப்பா! பரீட்சைக்கு முன்னாடி படவேடு விபூதி ஒரு பொட்டலம் அனுப்பும்மான்னு அழுதது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா? டெலஸ்கோப்புக்கே பொட்டு வெச்சவன் நீ. அந்த விபூதியில என்ன சயின்ஸுன்னு நான் கேட்டு சிரிச்சேனா? வானத்துல எத்தினி கோடி மைலுக்கு அந்தாண்ட இருக்கறது உன் கண்ணுக்குத் தெரியுது, எதிர்ல ஒரு பெரியவர் முகம் சுருங்கினது தெரியல. பியூலாவும் உன்கிட்ட பேசறது இல்லன்னு கேள்விப்பட்டேன். பெரிய விஞ்ஞானி, நல்லா இரு ராசா.

இப்போ உங்கப்பா பண்ண கூத்தைக் கேளு. கிறிஸ்தவக் கல்யாணம்னா வெள்ளைப் புடவைதானேன்னு, நீ சண்டை போடறதுக்கு முன்னாடியே பியூலா புடவைக்கு நம்ம தறியில வெள்ளைப் பாவு நூல் ஏத்திட்டாரு, தெருவே வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிட்டுப் போச்சு. அதோட நின்னாரா? சம்பந்தி சந்தோஷப்படட்டும்னு முந்தானையில ஆறு நாளையும் ஆறு வரிசையா ஜரிகையில போடறேன்னு இறங்கிட்டாரு. ஆனா நம்ம தறியில சூரியன் இல்லாம எந்த முந்தானையும் ஆரம்பிச்சது இல்லியே, அந்தப் பழக்கத்துல முதல் வரிசையிலயே சூரியனை வெச்சுட்டாரு. மூணு வரிசை முடிஞ்சப்புறம்தான் நான் நாலாம் நாள் சண்டையை ஞாபகப்படுத்தினேன். மனுஷன் அப்படியே உட்கார்ந்துட்டாரு. ஜரிகையைப் பிரிச்சா புடவை பாழ். மகன் வாயால கெடுத்தான், அப்பன் கையால கெடுத்துட்டான், ரொம்ப பொருத்தமான வம்சம்னு சொன்னேன்.

மறைச்சு வெக்கவும் முடியல. இன்னிக்கு சர்ச் முடிஞ்சு, சந்தவாசல்ல ஒரு துக்க வீட்டுக்குப் போற வழியில சாரும் பியூலாவும் வந்து நின்னாங்க. சம்பந்தத்தை வேணாம்னு சொல்லத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சேன். அவர் நேரா தறிகிட்ட போய் கண்ணாடியை மாட்டிகினு குனிஞ்சு பார்த்தாரு. உங்கப்பா கத்திரியை எடுத்து, தப்பாயிடுச்சுங்க, அறுத்துடறேன்னாரு. சார் அவர் கையைப் புடிச்சுகினாரு. அறுக்காதீங்க, சூரியன் முதல்லேருந்தே இருந்துச்சு, பூமியைச் சுத்தி ஆவியும் மேகமும் கனமா மூடியிருந்ததால வெளிச்சம் மட்டும் வந்துச்சு, மேகம் விலகி நாலாம் நாள்தான் சூரியன் கண்ணுக்குத் தெரிஞ்சுது, நான் அப்படித்தான் படிக்கிறேன், உங்க புடவையில தப்பே இல்லன்னாரு. அன்னிக்கு உன்கிட்ட சொல்ல வாயைத் திறந்தது இதைத்தானாம். சிரிப்புல உனக்குக் கேக்கல.

அது சரியான பதிலான்னு எனக்குத் தெரியாது. நீ அதுக்கும் நாலு ஓட்டை கண்டுபிடிப்பே. ஆனா அவரே சொன்னாரு, பழ மரத்துக்கு அப்புறம்தான் மீன்னு எழுதியிருக்கு, பாறையில மீன்தான் முதல்ல கிடக்குது, அது எனக்கே இன்னும் பிடிபடல, ஹேமநாத் வந்தா கேக்கணும்னு. சிரிச்சவன்கிட்டயே கேக்கணும்ன்றாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பியூலா அந்த ஜரிகை சூரியன் மேல கை வெச்சுகினே ரொம்ப நேரம் நின்னா.

நாலாவது வரிசைக்கு உங்கப்பா தறியில மாட்டற டிசைன் அட்டையை இன்னும் ஓட்டை போட்டு அடிக்கல. அதுல என்ன வரணும்னு சாரும் நீயும் பேசி சொல்லுங்கன்னு தறியை நிறுத்தி வெச்சுட்டாரு. அந்தப் பொண்ணோட கல்யாணப் புடவை பாதியில நிக்குது.

வேளைக்கு சாப்பிடு, குளிர்ல காதை மூடிக்கோ. தீர்க்காயுசா இரு, அந்த ரேணுகாம்பாள் உனக்கு நல்ல புத்தியும் குடுக்கட்டும். சார் ராத்திரி சீக்கிரம் படுத்துடுவாரு, நம்ம ஊர் நேரம் பார்த்துக் கூப்பிடு. முதல்ல அவர் பேசி முடிக்கட்டும்.

இப்படிக்கு,
தறிச் சத்தம் இல்லாம தூக்கம் வராத உன் அம்மா,
மா. அபிதகுசாம்பாள்